நட் உயர்த்தி: சின்னத் துண்டு, பெரிய மாற்றம்

1915 சான் பிரான்சிஸ்கோ கண்காட்சிக்குப் பின் அமெரிக்காவில் ஹவாய் இசை மோகம் பரவியபோது, வீட்டுக் கிட்டாரையே மடியில் கிடத்தி எஃகு உருளையால் வாசிக்கும் ஸ்டீல் கிட்டாராக்கியது, நட் உயர்த்தி என்ற இந்த உலோகத் துண்டு. இன்றும் கிடைக்கிறது, கொடுக்கும் காசுக்குத் தாராளமாகத் தகும்.

கம்பிகளைக் கழற்றாமல் தளர்த்தி, பழைய நட்டின் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் பள்ளமிட்ட துண்டு) மேல் இதைக் கவிழ்த்து, கம்பிகளை இதன் பள்ளங்களில் அமர்த்தினால் போதும். பசை வேண்டாம், கம்பியின் இழுவையே பிடித்துக்கொள்ளும். கம்பிகள் ஏறத்தாழ 9 மி.மீ. உயர்ந்துவிடுவதால் விரலால் அழுத்த முடியாது. கிட்டாரை மடியில் கிடத்தி, கனமான எஃகு உருளையை ஃபிரெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) நேர் மேலே கம்பிகள்மீது வைத்து வாசிக்க வேண்டும். சற்றுப் பின்னால், நட் பக்கம் வைத்தாலும் சுருதி இறங்கிவிடும்.

சுருதி கூட்டுவதில்தான் கவனம் தேவை. தடித்த ஆறாவது கம்பியிலிருந்து முதல் கம்பி வரை ஜி-பி-டி-ஜி-பி-டி என்ற மேற்கத்திய சுரங்களில் வைத்தால் ஆறும் ஐந்தும் வழக்கத்தைவிட இறுகும், பிரிட்ஜ் (உடலில் கம்பிகளின் மறுமுனையைப் பிடிக்கும் கட்டை) பெயரக்கூடும். டி-ஜி-டி-ஜி-பி-டி வைத்தால் எந்தக் கம்பியும் கூடுதலாக இறுகாது.

ஒரு குறை உண்டு. துண்டின் மேற்புறம் தட்டை, பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கும் சேடிலோ வளைவு. அதனால் பிரிட்ஜ் பக்கம் போகப்போக ஓரக் கம்பிகளில் உருளை சரியாகப் படியாமல் இரையும். தட்டையான சேடில் மாற்றினால் தீரும்.