சைலன்சர் கசிவு: சோப்புத் தண்ணீரா, புகை மெஷினா?

காலையில் முதல் ஸ்டார்ட்டில் ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்து, இன்ஜின் சூடானதும் அடங்கிவிடுகிறதா? இன்ஜினிலிருந்து வரும் புகையைச் சேர்த்துக் குழாய்க்கு அனுப்பும் மேனிஃபோல்டு பக்கம் கசிவு இருக்க வாய்ப்பு அதிகம். உலோகம் சூட்டில் விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்கிறது. அதனால் எந்த முறையானாலும் இன்ஜின் ஆறியிருக்கும்போதே, ஆஃப் செய்துவிட்டுத் தேடுங்கள்.

சோப்புத் தண்ணீருக்குச் செலவே இல்லை. வேக்குவம் கிளீனர் காற்றை வெளியே தள்ளும் வாயில் குழாயை மாட்டி, மறுமுனையை சைலன்சர் வாயில் துணி சுற்றிச் செருகுங்கள். பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைத் தெளித்தால், ஓட்டை உள்ள இடத்தில் நுரை பொங்கும். வெல்டிங் ஓரத்து ஊசிமுனை ஓட்டைகூடத் தெரிந்துவிடும். ஒன்று மட்டும் கவனம்: சில சைலன்சர்களின் அடியில் நீர் வடிவதற்கென்றே சிறு துளை விட்டிருப்பார்கள். அங்கே குமிழி வந்தால் அடைத்துவிடாதீர்கள்.

கண் எட்டாத இடத்தில் சோப்பு உதவாது. ஹீட் ஷீல்டு எனும் சூடு தடுக்கும் தகட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் விரிசலை, குழாய்க்குள் புகையைச் செலுத்தும் புகை மெஷின்தான் காட்டிக்கொடுக்கும். ஆனால் காற்று வீசினால் புகை கலைந்துவிடும். கருவியும் எல்லோரிடமும் இருக்காது.

என் ஓட்டு முதலில் சோப்புத் தண்ணீருக்குத்தான். அதற்கும் முன்னால் டார்ச் அடித்து, இணைப்புகளைச் சுற்றிக் கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் அதிலேயே இடம் பிடிபட்டுவிடும்.

தள்ளிப்போட மட்டும் வேண்டாம். கசியும் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது.