டபிள்யூ.ஆர்.எஃப். மாடலோடு ஆறு சீசன்

வள்ளியூர் பக்கம் பழைய 250 கிலோவாட் காற்றாடி வைத்திருக்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "கழற்றிட்டு பெரிசா ஒண்ணு போடலாம்னு இருக்கேன். உங்க கம்ப்யூட்டர் காற்றை நம்பலாமா?" வானிலையைக் கணினியில் கணக்குப் போட்டுக் காட்டும் டபிள்யூ.ஆர்.எஃப். மாடலைத்தான் அப்படிச் சொன்னார். ஆறு சீசனாக இதை ஓட்டுகிறேன். ஆனாலும் சட்டென்று ஆமாம் சொல்ல வாய் வரவில்லை.

நேரம் சொல்வதில் இதை மிஞ்ச ஆளில்லை. பழைய வருடங்களை ஓட்டிப் பார்த்தால், தென்மேற்குக் காற்று எழும்பிய நாள், நடு சீசனில் நாலு நாள் படுத்துக்கொண்டது, எல்லாம் மாஸ்ட் (காற்றை அளக்கும் உயரக் கம்பம்) பதிவோடு ஒட்டி வரும். இத்தனையும் இலவசம், அதனால் மனசாரத் திட்டவும் முடியவில்லை.

எரிச்சல் முழுக்க ஆரல்வாய்மொழிக் கணவாயில்தான். நான் உள்ளே கொடுப்பது ஈ.ஆர்.ஏ.5 தரவு, உலகின் பழைய வானிலையைக் கட்டம் கட்டமாகத் தருவது. அதன் ஒரு கட்டம் சுமார் 31 கிலோமீட்டர். பாலக்காட்டுக் கணவாயே அதில் ஒன்றிரண்டு கட்டத்துக்குள் முடிந்துவிடும், ஆரல்வாய்மொழி எங்கே தெரியும்? சரி என்று மாடலின் கட்டத்தை 9, 3, 1 கிலோமீட்டர் வரை இறக்கினேன். 1 கிலோமீட்டர் என்பதும் பேச்சுக்குத்தான். கட்டத்தைப் போல ஏழு மடங்குக்குக் குறைந்த எதுவும் அதில் தெளிவாக வராது. மலை மழுங்கி, கணவாய் தூர்ந்து, பீறிட்டு வர வேண்டிய காற்று நடந்து வருகிறது. இதில் நடுராத்திரி மகேந்திரகிரிச் சரிவில் கணக்கு வெடித்து ரன் நின்றுபோவது வேறு.

மாடல் நொடிக்கு 7 மீட்டர் என்று சொல்லி, நிஜத்தில் 8 வீசினால், காற்றில் உள்ள ஆற்றல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. வேகத்தை மூன்று முறை பெருக்கினால் வரும் கனத்துக்கு ஏற்ப ஏறும் சமாச்சாரம் இது.

ஒரு வருடம் மட்டும் மாடலும் மாஸ்டும் அச்சாகப் பொருந்தின. டீ வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினேன். அப்புறம்தான் உறைத்தது: மாஸ்ட் நின்றது பழைய காற்றாடி வரிசைகளுக்குப் பின்னால். முன்னால் நின்றவை காற்றைத் தின்றுவிட்டன. காற்றாடிகளின் இடத்தை நாமாகக் கொடுத்தால் ஒழிய மாடலுக்கு அவை இருப்பதே தெரியாது. கணவாயில் குறைத்துச் சொன்னதும் காற்றாடிகளைக் கணக்கில் எடுக்காததும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சரியான விடை வந்திருக்கிறது. அந்த ரிப்போர்ட்டை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

நண்பரிடம் நம்ப வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். ஒரு வருடம் மாஸ்ட் நிறுத்தி அளக்கட்டும். அந்த ஒரு வருடத்தை இருபது வருடத்துக்கு நீட்டிப் பார்க்க வேண்டுமானால் மாடலிடம் வரலாம். வீட்டுக்கு வந்ததும் நேரப்படியை, அதாவது மாடல் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததுக்குத் தாவும் இடைவெளியை, 4 நொடியாகக் குறைத்து மறுபடி ரன் போட்டேன். இன்னும் வெடிக்கவில்லை.