கரோல் பாக் வாடகை பைக்: ஸ்பிதிக்கு எடுங்கள், லடாக்குக்கு வேண்டாம்

டெல்லி கரோல் பாக்கில் ஹரி சிங் நல்வா தெருவிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் பைக் வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அதில் ஒன்றில் ஒரு ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 411 எடுத்துக்கொண்டு நானும் சென்னையிலிருந்து வந்த நண்பனும் இமாச்சலத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் போய்விட்டு வந்தோம். கடையின் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் வண்டியைத் திருப்பிக் கொடுத்த அன்று கணக்கில் கொஞ்சம் மனக்கசப்பு ஆகிவிட்டது, அது கீழே வருகிறது. ஆனாலும் ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன்.

அந்த மூன்றரையில் ஒன்று கடைக்காரர் முதலில் சொன்ன ஒரு வார்த்தைக்காக. நாங்கள் லடாக்கில் இருக்கும் லே போவதாகத்தான் போய் நின்றோம். அவர் இந்தியில், "லடாக் போறதுன்னா என் வண்டியை எடுக்காதீங்க தம்பி, லே வரைக்கும் போவீங்க, அதுக்கப்புறம் நிறுத்திடுவாங்க" என்றார். உண்மைதான். வெளியூரில் பதிவான வாடகை பைக்கை லேயில் இருக்கும் வாடகைக்காரர்கள் சங்கம் நூப்ரா, பாங்காங் பக்கம் எல்லாம் விடுவதில்லை, வழியில் மறித்துத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அப்புறம் டெல்லி வண்டிக்கும் வாடகை ஓடிக்கொண்டிருக்கும், அங்கே உள்ளூர் வண்டிக்கும் கொடுக்க வேண்டும். பக்கத்துக் கடையில் இதைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, ஹெல்மெட் சைஸ் கேட்பதிலேயே குறியாக இருந்தார்கள். அங்கேயே முடிவு செய்தோம், லே வேண்டாம், சிம்லா, கின்னோர் வழியாக ஏறி ஸ்பிதியின் பெரிய ஊரான காஜா போய், குன்சும் கணவாய் தாண்டி மணாலி வழியாக இறங்குவது என்று. ஸ்பிதியில் அந்த மாதிரி யாரும் மறிக்கவில்லை.

நாள் வாடகை 1,500 ரூபாய், டெபாசிட் 10,000. கிலோமீட்டர் கணக்கு கிடையாது. வண்டி எடுக்கும்போது முதலில் நம்பர் பிளேட்டைப் பாருங்கள், கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருந்தால்தான் அது முறைப்படி வாடகைக்கு விடும் வண்டி. சொந்த உபயோகத்துக்குப் பதிவான வெள்ளை பிளேட் வண்டியை இருநூறு ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்று ஆசை காட்டுவார்கள், வழியில் ஏதாவது ஆனால் இன்ஷூரன்ஸ்காரர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

புதிய ஹிமாலயன் 450-உம் கடையில் நின்றது. 2023-இல் வந்தது, 40 குதிரைத்திறன், 17 லிட்டர் டேங்க், ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் வாடகை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 411 போதும் என்று நண்பன் சொன்னான். அவன் என்ஃபீல்ட் தொழிற்சாலை இருக்கும் திருவொற்றியூர்க்காரன், என்ஃபீல்ட் விஷயத்தில் அவனிடம் வாதாடி ஜெயிக்க முடியாது. அவன் சொன்ன காரணமும் நியாயமானது, ராம்பூர் தாண்டிய பிறகு எந்தச் சின்ன ஊர் மெக்கானிக்கும் 411-ஐப் பிரித்து மாட்டத் தெரிந்தவனாக இருப்பான். 411-இலும் பிஎஸ்6, அதாவது புதிய புகை விதிப்படி வந்த மாடலாகக் கேட்டு வாங்குங்கள், அதில் பின் சக்கர ஏபிஎஸ்ஸை (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) அணைத்து வைக்கும் வசதி உண்டு. ஜல்லியில் இறங்கும்போது அதன் அருமை தெரியும்.

கடையில் எனக்கு ரொம்பப் பிடித்தது அங்கே வேலை பார்க்கும் மெக்கானிக் பையன். சாமான் மூட்டையைக் கேரியரில் எப்படிக் கட்டுவது என்று பொறுமையாகக் காட்டினான். கூடவே ஒரு புது கிளட்ச் கேபிளை எடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் கேபிளின் பக்கத்திலேயே ஓட்டி, டேப் சுற்றி வைத்துவிட்டான். பழையது அறுந்தால் இரண்டு முனைகளையும் மாற்றி மாட்டினால் போதும், டேங்கைக் கழற்றி நடுரோட்டில் உட்கார வேண்டாம். 411-இல் டியூப் டயர், முன்னால் 21 அங்குலம், பின்னால் 17, அதனால் இரண்டு அளவிலும் ஒவ்வொரு டியூப், டயர் லீவர், கால் பம்ப் எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொடுத்தான். சென்டர் ஸ்டாண்ட் இருப்பதால் செயினுக்கு எண்ணெய் போடுவதும் சுலபம். ஹெல்மெட் மட்டும் அவர்களிடம் வாங்காதீர்கள், நாற்றம் தாங்காது.

இனி வண்டி. டெல்லியிலிருந்து சிம்லா வரை சொல்ல ஒன்றும் இல்லை, வெயில், லாரி, முர்த்தலில் பரோட்டா. நார்க்கண்டாவுக்கு மேலே ஏறியதும்தான் பயணம் தொடங்குகிறது. சட்லெஜை ஒட்டி ரெக்காங் பியோ, பிறகு காப் பாலத்தில் ஸ்பிதி ஆறு வந்து சேரும் இடம், நாக்கோ, தாபோ. தாபோ மடாலம் 996-இல் கட்டியது, வெளியே பார்த்தால் வெறும் மண் சுவர், உள்ளே ஓவியங்களைப் பார்த்துவிட்டு வெளியே வர மனம் வராது. இந்தப் பக்கமாகப் போனால் உயரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும், உடம்பும் பழகிக்கொள்ளும். மணாலி வழியாகத் தலைகீழாகப் போகிறவர்கள்தான் முதல் ராத்திரியே தலைவலி, வாந்தி என்று படுத்துவிடுகிறார்கள்.

இருவர் ஒரே வண்டியில் போவதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பணம் மிச்சம் என்று எல்லோரும் அதைத்தான் யோசிப்பார்கள். வண்டி மட்டும் 199 கிலோ. திறன் 24 குதிரை சொச்சம், அதுவும் கடல் மட்டத்தில். குன்சும் கணவாய் 4,500 மீட்டருக்கு மேல், அங்கே காற்றின் அழுத்தம் கீழே இருப்பதில் அறுபது சதவீதத்தைக்கூடத் தொடாது. காற்று குறைந்தால் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் பெட்ரோலையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளும், அதனால் என்ஜின் புகைந்து திணறாது, ஆனால் இல்லாத காற்றை அது எங்கிருந்து கொண்டுவரும்? இரண்டு ஆளும் மூட்டையும் ஏறிய வண்டி முதல் கியரில் நிறைமாதக்காரி மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுகிறது. இதில் வண்டியைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை, எந்த என்ஜினுக்கும் இதே கதிதான்.

குன்சும் தாண்டி பாதலிலிருந்து கிராம்ஃபூ வரை வருவது சாலையே அல்ல, ஆற்றுப் படுகை. பனி உருகி வரும் ஓடைகள் சாலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடுகின்றன, உள்ளூர்க்காரர்கள் அதை நாலா என்கிறார்கள். காலையில் கணுக்கால் அளவு இருக்கும் தண்ணீர், வெயில் ஏற ஏற பனி உருகி மதியத்துக்கு மேல் முழங்காலைத் தாண்டும், அதனால் விடிந்ததும் கிளம்பிவிட வேண்டும். ஒவ்வொரு நாலாவிலும் நண்பன் இறங்கி அந்தப் பனித் தண்ணீரில் நடந்தே கடந்தான், மறுகரையில் நின்றுகொண்டு "டேய், அடுத்த தடவை எனக்குத் தனி வண்டி, இல்லன்னா உன்கூட வரமாட்டேன்" என்று கத்தினான். அவன் பக்கம்தான் நியாயம். இருவர் போனால் இரண்டு வண்டி எடுங்கள். ஒன்று நின்றுபோனாலும் இன்னொன்று இருக்கும்.

பெட்ரோல் விஷயத்தில் காஜா பங்க்கைத் தவற விடாதீர்கள், 15 லிட்டர் டேங்க்தானே, நிரப்பிக்கொண்டு கிளம்பினால் ஹிக்கிம், கோமிக் சுற்றிவிட்டு மணாலி வரை கவலை இல்லை. கிராம்ஃபூ வந்துவிட்டால் அப்புறம் தார் ரோடு, ஒன்பது கிலோமீட்டர் அடல் சுரங்கம், மணாலியில் வெந்நீர்க் குளியல்.

இப்போது அந்தக் கணக்கு. திருப்பிக் கொடுத்தபோது முன் கிராஷ் கார்டு வளைந்திருக்கிறது என்று 2,000 பிடித்தார்கள். அது எடுக்கும்போதே வளைந்திருந்தது, நண்பன் வண்டியைச் சுற்றி எடுத்த வீடியோவைக் காட்டியதும் கடைக்காரர் வாய் மூடிக்கொண்டார். பிறகு செயின் ஸ்பிராக்கெட் தேய்ந்துவிட்டது என்று 1,200. வாடகைக்கு விட்ட வண்டியில் செயின் தேயாமல் வேறு என்ன தேயும்? அரை மணி நேரம் இந்தியில் மல்லுக்கட்டி 500-க்கு இறங்கினார்கள். மீதி டெபாசிட் அன்று மாலையே அக்கவுன்ட்டுக்கு வந்துவிட்டது, அதையும் சொல்ல வேண்டும். எழுதிக் கொடுத்த தாளில் தேய்மானம் யார் செலவு என்று ஒரு வரியும் இல்லை, நீங்கள் போனால் அதைக் கேட்டு எழுதி வாங்கிவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பார்க்கிங் கிடைக்காது, மெட்ரோவில் போங்கள், ப்ளூ லைனில் கரோல் பாக்கில் இறங்கினால் நடை தூரம். திங்கட்கிழமை மார்க்கெட் விடுமுறை.