பெட்ரோல் காருக்கு ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர்: சில வருஷ அனுபவம்

காரைக்குடியில நம்ம வண்டி நாலு சிலிண்டர் பெட்ரோல், பிஎஸ்4. ஸ்டீயரிங்குக்கு கீழ இருக்குற 16 பின் ஓபிடி சாக்கெட்ல (வண்டி கம்ப்யூட்டர் பதிஞ்சு வச்ச கோளாற படிக்கிற சாக்கெட்) மாட்டுற ஈஎல்எம்327 சிப் டைப் ஸ்கேனர் ஒண்ணு சில வருஷமா கைவசம் இருக்கு, போன்ல ஒரு ஆப் போட்டு பாத்துக்குறேன். இக்னிஷன் (ஸ்பார்க்) கோளாறுக்கு இது எவ்வளவு உதவும்னா, எந்த சிலிண்டர்னு சொல்லும், எந்த பார்ட்டுன்னு சொல்லாது. இத புரிஞ்சு வச்சுக்கிட்டா காசு மிச்சம்.

மழை முடிஞ்ச சமயம், பள்ளத்தூர் தாண்டி ஏசி போட்டு மிதிச்சா வண்டி வெட்டி வெட்டி இழுத்துச்சு, செக் இன்ஜின் லைட் மின்னி மின்னி எரிஞ்சுது. அது மின்னுச்சுன்னா ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துருங்க, ஏன்னா எரியாத பெட்ரோல் புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள்ள போய் எரிஞ்சு அதையே காலி பண்ணிரும், அந்த செலவு காயில் (ப்ளக்குக்கு ஹை வோல்ட் குடுக்குற பார்ட்) செலவு மாதிரி கிடையாது. ஸ்கேனர மாட்டி பாத்தா பி0302ன்னு எரர் கோடு, அதாவது ரெண்டாவது சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியாம மிஸ் ஆகுது. ஈசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) ஸ்பார்க்க நேரா பாக்குறது இல்ல, அந்த சிலிண்டர் முறை வரும்போது கிராங்க் (இன்ஜின் சுத்துற தண்டு) வேகம் குறையுதான்னுதான் பாக்குது, அதனால காயில், ப்ளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் எது போனாலும் இதே கோடுதான். பி0352 வந்திருந்தா கதை வேற, அது ரெண்டாவது காயில் சர்க்யூட்டுக்கான கோடு, அந்த வயரிங்க நேரா பாக்கலாம்.

நம்ம மெக்கானிக் தம்பி "அண்ணே, கோடு வந்துருச்சுன்னு காயில வாங்கிறாதீங்க, மாத்தி போட்டு பாப்போம்"னாப்ல. ரெண்டாவது காயில மூணுல போட்டு, மூணாவத ரெண்டுல போட்டு, கோட அழிச்சுட்டு ஓட்டுனோம். பி0303 வந்தா காயில் போச்சு. ஆனா திரும்பவும் பி0302தான். ப்ளக்க கழட்டுனா வெள்ளை பீங்கான்ல மேல இருந்து கீழ வரைக்கும் பென்சில்ல கோடு போட்ட மாதிரி கருப்பா ஒரு தடம்! இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல வர்ற கரண்ட் ப்ளக் முனையில இருக்குற கேப்ல குதிக்காம வெளிப்பக்கமாவே இறங்கியிருக்கு. காயிலோட ரப்பர் பூட்டுக்குள்ளயும் தடம் விழ ஆரம்பிச்சிருந்துச்சு, அதனால அதையும் சேத்து மாத்தணும், இல்லன்னா புது ப்ளக்கும் அதே கதிதான். (ஒவ்வொரு ப்ளக்குக்கும் தனி காயில் இருக்குற வண்டிக்குத்தான் இந்த வேலை. பழைய காயில் பேக் டைப்ல 1-4, 2-3ன்னு ஜோடியா இருக்கும், ஒரு ஜோடியே மிஸ் ஆனா பேக்க சந்தேகப்படுங்க.)

இன்னொண்ணு, ஸ்பார்க் மிஸ்ஸானா அந்த சிலிண்டர்ல எரியாத ஆக்சிஜன் அப்படியே சைலன்சர் பக்கம் போகும், அங்க இருக்குற ஆக்சிஜன் சென்சார் பெட்ரோல் பத்தலன்னு நெனச்சுக்கும், ஃப்யூல் ட்ரிம் (ஈசியு பெட்ரோல கூட்டிக் குறைக்கிற அளவு) பிளஸ்ல ஏறும். அத மட்டும் பாத்துட்டு இன்ஜெக்டர் கிளீனிங்னு யாராவது சொன்னா உடனே சரின்னு சொல்லாதீங்க.

தேவகோட்டை மச்சான் வண்டி சூடானா ஆஃப் ஆகி, ஆறுனாதான் ஸ்டார்ட் ஆகும். லைவ் டேட்டா வச்சுக்கிட்டு செல்ஃப் அடிச்சோம், இன்ஜின் சுத்துது ஆனா ஆர்பிஎம் பூஜ்யத்துலயே நிக்குது. இன்ஜின் சுத்துறத ஈசியுக்கு சொல்ற கிராங்க் சென்சார் சிக்னல் இல்ல, அப்புறம் ஸ்பார்க் எங்க வரும்? கனெக்டர், வயர் நல்லா இருந்துச்சு, சென்சார் மாத்துனதும் சரியாயிருச்சு. இந்த ஒரு வேலைக்கே ஸ்கேனர் வாங்குன காசு திரும்ப வந்துருச்சு.

குறைன்னா, மலிவு காப்பி ஐட்டம் சிலது சில வண்டியோட பேசவே பேசாது, ரிட்டர்ன் இருக்குற இடத்துல வாங்குங்க. கோட அழிக்கிறதுக்கு முன்னாடி ஃப்ரீஸ் ஃப்ரேம ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கங்க, எந்த ஆர்பிஎம், எவ்வளவு லோடுல மிஸ் ஆச்சுன்னு அதுலதான் இருக்கும், அழிச்சா அதுவும் போயிரும். அந்த சாக்கெட்ல 16வது பின்னுக்கு சாவிய எடுத்தாலும் கரண்ட் வந்துக்கிட்டேதான் இருக்கும், ஊருக்கு போறப்ப மாட்டிவச்சுட்டு போயிராதீங்க, பேட்டரி இறங்கிரும்.