கார்புரேட்டர் கலவை: காதா, வேக்குவம் கேஜா, வைட்பேண்ட் சென்சாரா?

பிரீமியர் பத்மினியோ அம்பாசிடரோ வைத்திருப்பவர் ஐடில் கலவையை, அதாவது வண்டி நிற்கும்போது ஓடும் எஞ்சினுக்குப் போகும் காற்று-பெட்ரோல் கலவையை, சரிசெய்ய மூன்று வழி உண்டு: மெக்கானிக்கின் காது, வேக்குவம் கேஜ், சைலன்சர் குழாயில் பொருத்தி, புகையிலுள்ள ஆக்சிஜனை வைத்துக் கலவையைச் சொல்லும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார். என் பத்மினிக்கு நான் வாங்கியது வேக்குவம் கேஜ். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

காது பற்றி எல்லோருக்கும் தெரியும். நாகர்கோவில், மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப்களில் இன்னும் சில பழைய ஆசான்கள் இருக்கிறார்கள். சோலெக்ஸ் கார்புரேட்டரின் மிக்ஸர் ஸ்க்ரூவை (கலவையைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூ) உள்ளே விட்டு, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, எஞ்சின் நன்றாகச் சூடானதும் சத்தம் சீராகும் இடத்தில் நிறுத்திவிட்டு, "இனி ஓட்டிப் பாரு மக்கா" என்பார்கள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அந்த ஆசான் ஊரில் இல்லாத வாரம்தான் சிக்கல்.

வேக்குவம் கேஜ் காட்டுவது, கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் கலவை போகும் குழாயான மேனிஃபோல்டின் உறிஞ்சுவிசையை. நல்ல எஞ்சின் ஐடிலில் 17 முதல் 21 பாதரச அங்குலம் வரை காட்டும். முள் ஆடாமல் நிற்கும். இந்த அளவு கடல்மட்டத்துக்கானது. ஆயிரம் அடி ஏறினால் சுமார் ஓர் அங்குலம் குறையும். நாகர்கோவிலில் கணக்குப் போடாமல் அப்படியே எடுத்துக்கொள்ளலாம், ஊட்டிக்காரர் பாடுதான் கஷ்டம். ஸ்க்ரூவை மெல்லத் திருகி முள் உச்சத்துக்குப் போகும் இடத்தைப் பிடித்து, அங்கிருந்து ஒரு துளி உள்ளே. கேஜ் டியூபை, ஆக்சிலேட்டரை மிதித்தால் திறக்கும் திராட்டில் தகட்டுக்குக் கீழே, மேனிஃபோல்டு பக்கம் செருக வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் அட்வான்ஸ் குழாய் வரும் துளையில் செருகினால் ஐடிலில் முள் அசையாது.

நான் இதைத் தேர்ந்ததற்குக் காரணம் ஸ்க்ரூ அல்ல. பழைய வண்டியில் 'கலவை சரியில்லை' என்று நாம் நினைப்பதில் பாதி, கலவைக் கோளாறே இல்லை. திராட்டில் ஸ்பிண்டில் தேய்ந்து காற்று வாங்கும், மேனிஃபோல்டு கேஸ்கெட் கசியும், வால்வு சரியாக உட்காராது, டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) பின்னால் இருக்கும். கேஜ் இவற்றைப் பிரித்துச் சொல்லும். முள் ஆடாமல், ஆனால் தாழ்ந்து நின்றால் காற்றுக் கசிவு அல்லது டைமிங். தாளம் தப்பாமல் விட்டுவிட்டு விழுந்தால் ஏதோ ஒரு வால்வு. நாலைந்து அங்குலத்துக்குள் சோம்பலாக ஏறி இறங்கினால்தான் கலவையைச் சந்தேகிக்க வேண்டும். ஸ்பிண்டில் முனையில் இரண்டு சொட்டு எஞ்சின் ஆயில் விட்டுப் பாருங்கள். முள் சட்டென்று ஏறினால் கசிவு அங்கேதான், அடுத்த வேலை லேத்துக்காரரிடம் புஷ் போடுவது. அதைச் செய்யாமல் ஸ்க்ரூவை வெளியே திருகிக் கசிவை மூடினால், ஐடில் சரியாகும். பிளக் கறுக்கும், பெட்ரோலும் போகும்.

சென்சார் இதைச் சொல்லாது. அது படிப்பது நாலு சிலிண்டர் புகையின் சராசரியை. ஒரு சிலிண்டர் அதிகக் காற்றோடு ஓடினாலும் மற்ற மூன்றும் அதை மறைத்துவிடலாம். பராமரிப்பும் அதிகம்: சென்சாரைத் திருகிப் பொருத்த ஒரு நட்டைக் குழாயில் வெல்டிங் செய்ய வேண்டும், எஞ்சின் ஓடும்போதெல்லாம் சென்சாரின் ஹீட்டருக்குக் கரண்ட் வேண்டும், ஆயில் எரிக்கும் எஞ்சினில் அது சீக்கிரம் கெடும். கேஸ்கெட்டுக்கு நம் ஆட்கள் தாராளமாகப் பூசும் சிலிக்கான் பேஸ்ட்டும் அதற்கு ஆகாது.

ஆனால் ஓட்டத்தில் பெட்ரோலை அளந்துவிடும் துளையான மெயின் ஜெட் விஷயத்தில் சென்சார்தான் ஜெயிக்கிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஓட்டத்தில் கலவை எப்படி என்று கேஜ் சொல்லாது. இப்போது பங்கில் கிடைப்பது E20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்த பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால், இதற்குச் சுமார் 13.5 போதும், பழைய ஜெட்டோடு ஓடினால் கலவை மெலியும் (காற்று கூடிவிடும்). சென்சாரை நான் நண்பரின் அம்பாசிடரில் பார்த்ததோடு சரி, அதனால் இதில் என் வார்த்தையைக் கொஞ்சம் தள்ளியே எடுத்துக்கொள்ளுங்கள். ஆடிக் காற்றில் காவல்கிணறு பக்கமிருந்து ஆரல்வாய்மொழிக்கு எதிர்க்காற்றில் வந்தால் எஞ்சினுக்கு நல்ல சுமை. சென்சாரின் மீட்டரைப் பார்க்க அதைவிட நல்ல சாலை இந்தப் பக்கம் இல்லை. மீட்டரை லாம்டா அளவில் (தேவையான காற்றோடு ஒப்பிட்ட அளவு) வையுங்கள், எந்தப் பெட்ரோல் ஆனாலும் 1 என்றால் 1தான்.

ஆகவே கேஜை வாங்குங்கள், சென்சாரை ஜெட் மாற்றும் நாளுக்கு இரவல் கேளுங்கள். குழாயில் அந்த நட்டை வெல்டிங் செய்து வைத்துவிட்டு, மற்ற நாளில் போல்ட் போட்டு மூடிவிடலாம்.