உறைபனி எச்சரிக்கைப் பெட்டி: ஈஎஸ்பி32-ஆ, ப்ரோ மினியும் லோராவுமா?

ஊட்டிப் பக்கம் நீர்ப்பனி விழ ஆரம்பித்தால் அடுத்து உறைபனிதான். டிசம்பர், ஜனவரியில் மேகமும் காற்றும் இல்லாத இரவாகப் பார்த்து இறங்கும். விடியும்போது தலைகுந்தா புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும். கேரட், உருளை போட்டவர்களுக்கும் தேயிலைக்காரர்களுக்கும் தேவை ஒன்றுதான்: 2 டிகிரிக்கு இறங்கும்போதே செய்தி வந்துவிட வேண்டும், எழுந்துபோய் ஸ்பிரிங்க்லரைத் திறக்க நேரம் இருக்க வேண்டும். இதற்கு ஒரு பெட்டி செய்யலாம் என்று உட்காருபவர்கள் முதலில் கேட்பது "எந்த போர்டு?" என்று. என் கணிப்பில் அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, மின்சாரம் எந்த வழியாகப் போகிறது என்பது.

ஈஎஸ்பி32 என்ற சிறு கணினிச் சிப்பை எடுத்துக்கொள்வோம். வைஃபை உள்ளேயே இருக்கிறது, போனுக்கு நேராகச் செய்தி அனுப்பும், விலையும் குறைவு. வேலையில்லாத நேரத்து ஆழ்ந்த தூக்கத்தில் 10 மைக்ரோஆம்பியர் அளவுதான் இழுக்கும் என்று தயாரிப்பாளரின் டேட்டாஷீட் சொல்வதும் உண்மை. ஆனால் அது சிப்புக்கான கணக்கு. சிப்பைப் பொருத்தித் தயாராகக் கடையில் கிடைக்கும் டெவ் போர்டில், மின்னழுத்தத்தைச் சீராக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர், யூஎஸ்பி சிப், சிவப்பு எல்ஈடி எல்லாம் விழித்தே இருக்கும். சிப் தூங்கினாலும் போர்டு 5 முதல் 10 மில்லிஆம்பியர் தின்றுகொண்டிருக்கும். 2500 எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-மணி) செல் பத்து, இருபது நாளில் காலி. இதே ஈஎஸ்பி32-ஐ வெறும் மாட்யூலாக வாங்கி நாமே சால்டர் செய்து, கால் மணி நேரத்துக்கு ஒருமுறை 5 விநாடி எழுப்பினால், சராசரி 100 மில்லிஆம்பியர் என்று வைத்தாலும் நாளைக்குச் சுமார் 13 எம்ஏஎச். காகிதக் கணக்கில் ஆறு மாதம் வரும். சிப் ஒன்றேதான், சுற்றி இருக்கும் சாமான்தான் வேறு.

ஏஎம்எஸ்1117-இல் இன்னொரு தொல்லை. 3.3 வோல்ட் தர அதற்கு உள்ளே ஒரு வோல்ட்டுக்கு மேல் கூடுதலாக வேண்டும்; 3.7 வோல்ட் லித்தியம் செல்லில் அது ஏது? எம்சிபி1700 போட்டால் ரெகுலேட்டர் தின்பது 2 மைக்ரோஆம்பியருக்கும் கீழே. ஆனால் அதன் வரம்பு 250 மில்லிஆம்பியர், வைஃபை அனுப்பும் கணத்தில் ஈஎஸ்பி32 கேட்பதும் ஏறக்குறைய அவ்வளவு. பக்கத்தில் 470 அல்லது 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இல்லாவிட்டால் போர்டு திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும்.

சரி, வைஃபை இல்லாத சிறு ஆர்டுயினோ போர்டான ப்ரோ மினி? 3.3 வோல்ட், 8 மெகாஹெர்ட்ஸ் வகையை எடுத்து, எல்ஈடியையும் ரெகுலேட்டரையும் கழற்றிவிட்டால் தூக்கத்தில் சில மைக்ரோஆம்பியர்தான். நினைவகம் வெறும் 2 கிலோபைட், ஆனால் ஒரு வெப்பநிலையை அனுப்ப அது போதும். வைஃபைக்குப் பதில் சேர்க்கும், வெகுதூரம் எட்டும் ரேடியோவான லோரா மாட்யூல் முழு வலுவில் 120 மில்லிஆம்பியர் இழுக்கும், அதுவும் ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும். நாளைக்கு 1 எம்ஏஎச் கூட ஆகாது. செல் தானாகவே இழக்கும் சார்ஜைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டியிருக்கும்.

மலையில் லோராவுக்கு என் ஓட்டு விழுவதற்கு வேறு காரணமும் உண்டு. குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். கேத்தி போன்ற பள்ளத்தாக்கில் வீடு மேலே, தோட்டம் கீழே என்றால், முதலில் உறைவது அடி வயல்தான். வைஃபை எட்டாத இடமும் அதுவே. மின்வெட்டில் ரவுட்டர் அணைந்துவிட்டால் ஈஎஸ்பி32 அதைத் தேடித் தேடியே பேட்டரியைத் தீர்க்கும். இந்தியாவில் 865–867 மெகாஹெர்ட்ஸில் உரிமம் இல்லாமல் அனுப்பலாம். 868 என்று அச்சிட்ட மாட்யூலை வாங்கி, நிரலில் அலைவரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டில் செய்தியை வாங்க ஒன்று வேண்டுமே? அங்கே ஈஎஸ்பி32-ஐ லோரா மாட்யூலோடு கரண்டில் செருகி வைக்கலாம். டெவ் போர்டே போதும், எவ்வளவு தின்றால் என்ன!

பேட்டரியில்தான் பலர் சறுக்குகிறார்கள். இரண்டு ஏஏ அல்கலைன் போட்டால் எளிது, ஆனால் குளிரில் திறன் குறையும். மின்னழுத்தமும் சீக்கிரமே 3 வோல்ட்டுக்குக் கீழே வரும். டிஎஸ்18பி20 சென்சாருக்குக் குறைந்தது 3 வோல்ட் வேண்டும். லித்தியம் அயனி செல்லில் திறன் அதிகம், ஆனால் 4.2 வரை ஏறும் என்பதால் ரெகுலேட்டர் கட்டாயம். லோரா சிப்பின் எல்லை 3.7 வோல்ட்தான். லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் 3.2 வோல்ட்டை ஒட்டியே நிற்கும், நிறைந்தால் 3.6. ரெகுலேட்டரே வேண்டாம், எல்லாவற்றையும் நேராக இணைக்கலாம். திறன் குறைவுதான், இந்த வேலைக்குப் பொருட்டில்லை. டிபி4056 சார்ஜர் மட்டும் இதற்கு ஆகாது; அது 4.2 வோல்ட்டுக்கு ஏற்றிவிடும். டிபி5000-ஐ 3.6-க்கு அமைத்துப் போடுங்கள்.

இவ்வகைச் செல்களைச் சுழியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து கெட்டுவிடும். சோலார் பேனலைக் கிழக்கே திருப்பாமல் தெற்கு பார்த்து வைத்தால், பெட்டி விறைத்திருக்கும் முதல் வெயிலில் சார்ஜ் அதிகம் ஏறாது. தென்மேற்குப் பருவமழையில் பேனலை நம்பவே முடியாது: ஊட்டிக்குப் பக்கத்து அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ப்ரோ மினி அந்த வாரங்களைப் பேனல் இல்லாமலே தாண்டிவிடும்.

சென்சாரில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. டிஹெச்டி22 ஈரப்பதமும் சொல்லும், ஆனால் நாள் கணக்கில் மூடுபனியில் நனைந்தால் அதன் அளவை நம்ப முடியாது. எஃகு உறை போட்ட டிஎஸ்18பி20 போதும்; பயிர் உயரத்தில் வையுங்கள், ஆள் உயரத்தில் 3 டிகிரி காட்டும்போதே புல் உறைந்திருக்கலாம். போலிகள் நிறைய உலவுவதால் வாங்கியதும் நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்து அதில் முக்கிப் பாருங்கள், சுழியத்தை ஒட்டி அரை டிகிரிக்குள் நிற்க வேண்டும். வெந்நீரில் 100 வருகிறதா என்று பார்க்க வேண்டாம். ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.