வேவர் தாமதம், வாய் திறக்காத வக்கீல்: எந்த வழி எவ்வளவு தூரம் போகும்?

"அண்ணா, ரசீதில் தேதியைப் பாருங்கள்" என்றாள் தங்கை. கணவர் அமெரிக்கா வர இருக்கும் தடையிலிருந்து விலக்கு கேட்கும் 'வேவர்' மனுவை மார்ச் மாதமே அனுப்பிவிட்டதாக அவளுடைய வக்கீல் சொல்லியிருந்தார். எப்போது கேட்டாலும் "இன்னும் நிலுவையில் இருக்கிறது" என்று ஒரு வரி மின்னஞ்சல் வரும். நான்கு முறை கேட்டு வாங்கிய ரசீதில், குடிவரவுத் துறை மனுவைப் பெற்ற நாள் அக்டோபர் 11 என்று இருந்தது. ஏழு மாதம் நாங்கள் அமெரிக்க அரசைத் திட்டித் தீர்த்திருந்தோம். மனுவோ அதுவரை வக்கீலின் அலமாரியைவிட்டே நகரவில்லை.

வேவருக்காகக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு இதுதான் முதல் சிக்கல். அரசின் தாமதமும் வக்கீலின் தாமதமும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும். ஒன்றின் பின்னால் மற்றொன்று வசதியாக ஒளிந்துகொள்ளும். எது எவ்வளவு என்று தெரியாமல் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அது குருட்டடிதான்.

எங்கள் கதை சுருக்கமாக: மாப்பிள்ளை ஹெச்-1பி வேலை போன பிறகு ஓராண்டுக்கு மேல் அங்கேயே தங்கிவிட்டு, தாயாருக்கு உடல்நிலை சரியில்லை என்று திருச்சிக்குத் திரும்பியவர். கல்யாணம் அதற்குப் பிறகு. 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, 180 நாளுக்கு மேல் சட்டவிரோதமாகத் தங்கிவிட்டு வெளியேறினால் 3 ஆண்டுத் தடை. ஓராண்டை எட்டிவிட்டால் 10 ஆண்டு. தங்கை அமெரிக்கக் குடியுரிமை பெற்றவள் என்பதால், கணவரை அழைத்துக்கொள்ள அவள் போட்ட ஐ-130 மனு ஒப்புதலானது. மும்பை அமெரிக்கத் தூதரக நேர்காணலில் இந்தத் தடையைக் காட்டி விசாவை மறுத்தார்கள். தடையை நீக்கக் கேட்கும் மனுதான் ஐ-601.

இதற்குத் தம்பி ஒன்று உண்டு: ஐ-601ஏ. இன்னும் அமெரிக்காவுக்குள்ளேயே இருப்பவர்கள், வெளியேறுவதற்கு முன்பே விலக்கு கேட்டுக்கொள்ள 2013 மார்ச்சில் வந்தது, 2016இல் விரிவாக்கப்பட்டது. இரண்டில் எது மேல் என்று கேட்பவர்கள் கட்டணத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ஐ-601க்கு 1,050 டாலர், ஐ-601ஏவுக்கு 795 டாலர் என்று 2024 ஏப்ரலில் நிர்ணயித்தார்கள். உண்மையான வேறுபாடு எங்கே உட்கார்ந்து காத்திருக்கிறோம் என்பதில் இருக்கிறது. 601ஏவில் குடும்பத்தோடு இருந்தே காத்திருக்கலாம். ஆனால் தொடக்கத்தில் சில மாதங்களில் முடிந்த வேலை, பின்னாளில் மூன்று ஆண்டுகளைத் தாண்டிப் போனது. ஒப்புதல் வந்தாலும் அதனால் வேலை அனுமதி கிடைக்காது. நேர்காணலில் பொய்த் தகவல் போன்ற வேறொரு குற்றம் வெளிப்பட்டால் அந்த ஒப்புதல் தானாகவே ரத்தாகிவிடும்; பிறகு வெளிநாட்டில் இருந்தபடி ஐ-601இலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 601ஏவை மறுத்தால் மேல்முறையீடும் கிடையாது, புதிதாகத்தான் போட வேண்டும். 601க்கு மேல்முறையீடு உண்டு. அப்படியும், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் இருப்பவர்களுக்கு 601ஏவைத்தான் சொல்வேன். பிரிந்து ஒரு மாதம் காத்திருப்பதைவிடச் சேர்ந்து ஓராண்டு காத்திருப்பது மேல் என்பதைத் தங்கை வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வக்கீலை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா, நாமே நடத்துவதா?

பொறுத்திருப்பது செலவில்லாத வழி என்று தோன்றும். ஆனால் கோப்பு கையில் இல்லாமல் பொறுத்திருப்பது அப்படியல்ல. கூடுதல் ஆவணம் கேட்டு அரசிடமிருந்து கடிதம் வந்தால், விதிப்படி அதிகபட்சம் 12 வாரமும் தபாலுக்குச் சில நாளும் கிடைக்கும். 601ஏ என்றால் 30 நாள்தான். அந்தக் கடிதம் வக்கீல் மேசையில் தூங்கிவிட்டால், மனு கைவிடப்பட்டதாகக் கருதி மறுத்துவிடுவார்கள். ஆகவே வக்கீல் நல்லவரோ கெட்டவரோ, ரசீதின் நகலும் அனுப்பிய மனுவின் முழு நகலும் வீட்டில் இருக்க வேண்டும். ரசீது எண்ணை வைத்து இணையத்தில் சொந்தக் கணக்கும் தொடங்கலாம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு: ஐ-601இல் மனுதாரர் தடைக்கு ஆளானவர்தான். எங்கள் விஷயத்தில் அது மாப்பிள்ளை. இதை யாரும் சொல்லாததால், தங்கை தன் பெயரில் கேட்டுக் கேட்டு மூன்று முறை கைவிரிப்புதான் வாங்கினாள்.

வக்கீல் நகல் தரவில்லை என்றால், தகவல் அறியும் சட்டத்தின் கீழ் குடிவரவுத் துறையிடமே கோப்பைக் கேட்கலாம். விண்ணப்பக் கட்டணம் இல்லை. நாங்கள் அப்படித்தான் வாங்கினோம். வந்த கோப்பில், தங்கை படும் துன்பத்தை விவரிக்கும் கடிதம் இரண்டே பக்கம். முதல் பக்கம் பரவாயில்லை. இரண்டாம் பக்கத்தில், கணவரோடு வாழ அவள் "ஹோண்டுராஸுக்கு" போக நேர்ந்தால் அங்குள்ள வன்முறையால் உயிருக்கு ஆபத்து என்று இருந்தது. யாருடைய பழைய கடிதத்திலோ பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். திருச்சி எப்போது ஹோண்டுராஸில் சேர்ந்தது என்று மாப்பிள்ளை கேட்டார். முதலில் சிரித்தோம். கொஞ்ச நேரம் கழித்துத் தங்கை அழுதாள்.

அதோடு பொறுத்திருப்பது என்ற வழியை மூடினோம்.

நாமே நடத்தலாமா? கண்காணிப்பு, விசாரணைக் கடிதம், முகவரி மாற்றம் ஆகியவற்றுக்கு வக்கீலே வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் வேவரின் உயிர் 'கடும் இன்னல்' என்பதை நிரூபிப்பதில் இருக்கிறது. அந்த இன்னல் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள கணவன், மனைவி அல்லது பெற்றோருக்கு நேர வேண்டும். பிள்ளைகளின் துன்பம் நேரடியாகக் கணக்கில் வராது. அது அந்தக் கணவனையோ மனைவியையோ எப்படி வாட்டுகிறது என்று காட்ட வேண்டும். பிரிந்திருந்தால் என்ன ஆகும், கூடவே போய் வாழ்ந்தால் என்ன ஆகும் என்று இரு பக்கமும் எழுதி, மருத்துவர் கடிதம், வருமான வரிக் கணக்கு, கடன் பத்திரம் என்று ஒவ்வொரு வரிக்கும் சான்று வைக்க வேண்டும். இதை எழுதப் பழகிய கை தேவை. தன் கண்ணீரைத் தானே தொகுத்து எழுதுவது எல்லோராலும் ஆகாது.

வக்கீல் கட்டணம் கட்டுபடியாகாதவர்கள், அமெரிக்க நீதித் துறை அங்கீகரித்த தொண்டு நிறுவனப் பிரதிநிதிகளைப் பார்க்கலாம். கட்டணம் குறைவு, ஆனால் அங்கேயும் வரிசை நீளம். உரிமம் இல்லாத 'ஆலோசகர்' பக்கம் மட்டும் போகாதீர்கள்.

மாற்றுவது, பயந்த அளவுக்குக் கடினமாக இல்லை. புதிய வக்கீல் ஜி-28 படிவம் போட்டால் அரசின் பார்வையில் அவரே வக்கீல். வரிசையில் நம் இடம் போவதில்லை. குடிவரவு மத்தியச் சட்டம் என்பதால் எந்த மாநிலத்தில் உரிமம் பெற்றவரும் வழக்கை எடுக்கலாம். அடுத்த தெருவில் இருக்க வேண்டிய அவசியமில்லை. உறவு முறிந்தால் கோப்பை ஒப்படைப்பதும், வேலை செய்யாத பகுதிக்கான முன்பணத்தைத் திருப்பித் தருவதும் வக்கீலின் தொழில்முறைக் கடமை. ஆனால் ஆவணக் கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் மாற்றாதீர்கள். அல்லது பழையவர் அனுப்பாவிட்டாலும் புதியவர் கெடுவுக்குள் அனுப்புவார் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். புதிய வக்கீல் செய்த முதல் வேலை, ஹோண்டுராஸ் பக்கத்துக்குப் பதிலாக 60 பக்கச் சான்றுகளைக் கூடுதலாக அனுப்பியது.

பழையவர் மேல் மாநில பார் அமைப்பில் புகார் கொடுக்கலாம். கட்டணத் தகராறைத் தீர்க்கும் ஏற்பாடு பல மாநிலங்களில் உண்டு. ஆனால் புகாரால் மனு ஒரு நாள்கூட முன்னால் நகராது. பணத்துக்காகவும் அடுத்த குடும்பத்துக்காகவும் கொடுக்க வேண்டியது அது.

அரசின் தாமதத்தை அசைக்க

சாதாரண விசாரணை, அதாவது 'எங்கள் மனு என்ன ஆனது' என்று துறையிடம் கேட்பது: துறை அறிவித்திருக்கும் கால அளவைத் தாண்டினால்தான் ஏற்பார்கள். பதில் பெரும்பாலும் அச்சடித்ததுபோல் இருக்கும். ஆனாலும் போட்டு வைக்க வேண்டும், மற்ற வழிகளுக்கு அது அடித்தளம்.

விரைவுபடுத்தக் கோருவது இலவசம். கடும் பொருள் இழப்பு, அவசர மனிதாபிமானக் காரணம், துறையின் தெளிவான தவறு போன்றவை வேண்டும். 'கணவன் மனைவி பிரிந்திருக்கிறோம்' என்பது மட்டும் போதாது. வேவர் வரிசையில் நிற்கும் எல்லோரும் பிரிந்தவர்கள்தானே? அறுவைச் சிகிச்சை நாள் குறித்த மருத்துவர் கடிதம் போன்ற, தேதியுள்ள ஒரு காரணம் இருந்தால் மட்டும் முயலுங்கள்.

காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகம்தான் எங்களுக்கு அதிகம் உதவியது. தங்கையின் தொகுதி உறுப்பினரின் ஊழியர் ஒருவர், அந்தரங்கத் தகவலை வெளியிட ஒப்புதல் தரும் படிவத்தை அனுப்பினார். மாப்பிள்ளை திருச்சியில் கையெழுத்திட்டு ஸ்கேன் செய்து அனுப்பினார். அவர்களால் முடிவை மாற்ற முடியாது, வரிசையைத் தாண்டவைப்பதும் அரிது. ஆனால் கோப்பு எந்த அலுவலகத்தில் இருக்கிறது, கூடுதல் ஆவணங்கள் சேர்ந்தனவா என்பதற்கு மனிதர் எழுதிய பதில் வந்தது. ஏழு மாதம் ஒற்றை வரி மின்னஞ்சல்களைப் படித்த பிறகு அது எவ்வளவு பெரியது என்று சொல்லத் தேவையில்லை. குடிவரவுத் துறைக்கென இருந்த குறைதீர்ப்பாளர் அலுவலகத்தையும் முன்பு சொல்வார்கள். 2025 மார்ச்சில் அங்கே பெரிய ஆட்குறைப்பு அறிவித்ததால் அதை நம்பி நாங்கள் நேரம் செலவழிக்கவில்லை.

கடைசியாக வழக்கு. மத்திய மாவட்ட நீதிமன்றத்தில் 405 டாலர் கட்டி, 'முடிவெடுக்க உத்தரவிடுங்கள்' என்று கேட்பது. அரசு 60 நாளில் பதில் சொல்ல வேண்டும். வேறு பல குடிவரவு மனுக்களில் இது வேலை செய்கிறது. வழக்கு வந்ததும் கோப்பைத் தேடி எடுத்து முடித்துவிடுகிறார்கள். வேவரில் நிலைமை வேறு. இந்த விலக்கு தொடர்பான முடிவையோ நடவடிக்கையையோ எந்த நீதிமன்றமும் பரிசீலிக்க முடியாது என்று சட்டப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. 2024இல் ஏழாவது, நான்காவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், 601ஏ தாமத வழக்குகளைக் கேட்கத் தங்களுக்கு அதிகாரமில்லை என்று தீர்ப்பளித்தன. இல்லினாய், இந்தியானா, விஸ்கான்சின் ஏழாவது சுற்றின் கீழ் வருகின்றன. மேரிலாந்து, வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா, இரு கரோலினாக்கள் நான்காவது சுற்றின் கீழ்.

தங்கை இருப்பது வட கரோலினாவில். புதிய வக்கீலைத் தேடியபோது மூவரிடம் பேசினோம். வழக்குப் போட்டால் ஆறு மாதத்தில் முடித்துவிடலாம் என்று இருவர் சொல்லி, கட்டணத்தையும் சொன்னார்கள். மூன்றாமவர் அந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டி, "இந்த மாநிலத்தில் வேண்டாம், உங்கள் பணம் வீணாகும்" என்றார். அவரிடம்தான் கோப்பைக் கொடுத்தோம்.